கல்லா, கனலா?

ஆஸ்திரேலிய நகரங்களின் பூங்காக்களில் மரநிழலில் ஒரு செங்கல் மேடையைப் பார்க்கலாம். அதன் மேல் ஓர் எஃகுத் தட்டு பதித்திருக்கும். பொத்தானை அழுத்தினால் தட்டு சூடேறும். கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும், வேண்டுமென்றால் மறுபடி அழுத்த வேண்டும். வருகிறவர்கள் சாசேஜும் வெங்காயமும் வதக்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்தவருக்காகத் தட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போவார்கள். அதே ஊரில் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஒரு கரியடுப்பும் இருக்கும்: மேலே கம்பிவலை, கீழே கங்கு. வெட்டவெளிச் சமையலில் ஆளுக்கொரு கட்சி. ஒரு கட்சிக்குச் சூடான இரும்புத் தட்டு, அதாவது கிரிடில். மறு கட்சிக்குக் கனல், அதாவது பார்பிக்யூ.

நமக்கு இரண்டுமே புதிதில்லை. பரோட்டா மாஸ்டர் முன்னால் இருக்கும் பெரிய இரும்புக் கல் ஒரு கிரிடில்தான். மெரினாவில் விசிறியால் வீசி வீசிச் சோளக்கதிர் சுட்டுத் தரும் தள்ளுவண்டியில் இருப்பது பார்பிக்யூதான். கம்பிவலையில் யாரும் தோசை வார்ப்பதில்லை. தோசைக்கல்லில் யாரும் சோளக்கதிர் சுடுவதில்லை. முன்னதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும், மாவு ஒழுகிவிடும். பின்னதற்குக் காரணம் சொல்லக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால், எந்த அடுப்பை வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு கேள்விகள் போதும்: வெப்பம் எந்த வழியாக உணவுக்குள் போகிறது? உருகும் கொழுப்பு எங்கே போகிறது?

தொட்டுச் சுடும் வெப்பம்

200 டிகிரி செல்சியஸில் இருக்கும் பேக்கரி அடுப்பைத் திறந்து ஒரு நொடி கையை உள்ளே நீட்டினால் அனல் அடிக்கும், அவ்வளவுதான். அதே 200 டிகிரியில் இருக்கும் இரும்பைத் தொட்டால் தோல் வெந்துவிடும். வெப்பநிலை ஒன்றே, விளைவு வேறு. காற்று தன்னிடமுள்ள வெப்பத்தை மெதுவாக, கஞ்சத்தனமாகக் கொடுக்கிறது. இரும்பு அள்ளிக் கொடுக்கிறது.

ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கைமாற்றும் என்பது மூன்று குணங்களைப் பொறுத்தது: அது வெப்பத்தைக் கடத்தும் திறன், அதன் அடர்த்தி, அது தேக்கி வைக்கும் வெப்பத்தின் அளவு. இம்மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரும்பின் மதிப்பு இறைச்சியினுடையதைப்போல் சுமார் பத்து மடங்கு வருகிறது. 10 டிகிரி குளிர்ச்சியான இறைச்சித் துண்டை 200 டிகிரி இரும்பில் வைத்தால், இரண்டும் தொடும் இடத்தின் வெப்பநிலை நடுவில் 105-இல் நிற்காது. முதல் கணத்தில் அது 180-ஐ ஒட்டி இருக்கும் என்கிறது கணக்கு. இரும்பு தன் பக்கமே இழுத்துக்கொள்கிறது.

தடிமனான கல்லுக்கு இன்னொரு பலமும் உண்டு. 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் கொண்ட எஃகுத் தட்டு சுமார் 11 கிலோ எடை இருக்கும். அது 220 டிகிரியிலிருந்து 160-க்கு இறங்கும்போது வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 325 கிலோஜூல். ஒன்றரைக் கிலோ குளிர்ந்த இறைச்சியை 65 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. அடியில் எரியும் நெருப்பு ஈடுகொடுக்கத் திணறினாலும் கல்லில் சேமித்த வெப்பம் கைகொடுக்கும். 2 மி.மீ. தகடாக இருந்தால் இருப்பு மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு கைப்பிடி வெங்காயத்தைப் போட்டதுமே தகடு குளிர்ந்து, வெங்காயம் வதங்காமல் தன் நீரிலேயே வேகத் தொடங்கும். கிரிடில் வாங்குகிறவர் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும். கை வலித்தால் நல்ல கல்.

ஆனால் இந்த வள்ளல்தனம் தொட்டவர்களுக்கு மட்டும்தான். உணவுக்கும் கல்லுக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று புகுந்தாலும் வெப்பத்தின் ஓட்டம் தடைப்படும். காற்றைவிட எண்ணெய் ஆறு மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கல்லில் எண்ணெய் தடவுவது ஒட்டாமல் இருப்பதற்கு மட்டுமல்ல. உணவின் மேடுபள்ளங்களில் புகுந்து அந்தக் காற்று இடைவெளிகளை நிரப்புவதற்கும்தான். அரைத்த மாட்டிறைச்சி உருண்டையைச் சூடான தட்டில் வைத்த உடனே சட்டுவத்தால் பலமாக அழுத்தி மெல்லிய வட்டாக்கும் ஹாம்பர்கர் உத்தி அமெரிக்காவில் பிரபலம். அதன் நோக்கமும் இதுவே: தொடாத இடமே இருக்கக் கூடாது.

சோளக்கதிர் உருளை. கல்லில் வைத்தால் அது ஒரு கோட்டில்தான் தொடும். கோழிக்காலும் முழு மீனும் அப்படித்தான். தொட்ட இடம் கருகும், தொடாத இடம் பச்சையாகவே இருக்கும். அவற்றுக்கு எட்ட நின்று சுடும் வெப்பம் வேண்டும்.

எட்ட நின்று சுடும் வெப்பம்

கங்கிலிருந்து புறப்படும் வெப்பத்தின் பெரும்பகுதி ஒளியின் உறவினர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக அது பாய்கிறது. நடுவில் எதையும் தொட வேண்டியதில்லை, காற்றைச் சூடாக்க வேண்டியதுமில்லை. ஒரு பொருள் இப்படி வெளிவிடும் ஆற்றல், கெல்வினில் அளந்த அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று 1879-இல் ஜோசப் ஸ்டெஃபான் கண்டறிந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மான் அதைக் கோட்பாட்டிலிருந்தே வருவித்தார்.

நான்காம் அடுக்கு என்பது சாதாரணமான ஏற்றமல்ல. 220 டிகிரியில் இருக்கும் கல்லின் ஒரு சதுர மீட்டர் பரப்பு அதிகபட்சமாக 3.3 கிலோவாட் அளவுக்குக் கதிர்வீசும். 800 டிகிரியில் தகதகக்கும் கனலின் அதே பரப்பு 75 கிலோவாட் வரை வீசும், 22 மடங்கு. இதன் மறுபக்கம்தான் கரியடுப்பின் தலைவலி. கனல் 800-லிருந்து 700-க்கு இறங்கினாலே கதிர்வீச்சில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 600-க்கு இறங்கினால் பாதிகூட மிஞ்சாது. சோளம் சுடுகிறவரின் கை விசிறியை விடாமல் பிடித்திருப்பது இதனால்தான். வீசும்போது ஆக்சிஜன் கூடுகிறது, கங்கின் மேல் படியும் சாம்பல் பறக்கிறது, நான்காம் அடுக்கு மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது.

கனலின் நிறமே அதன் வெப்பமானி. ஏறக்குறைய 525 டிகிரியில் எல்லாத் திடப்பொருள்களும் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும் என்று 1847-இல் ஜான் வில்லியம் டிரேப்பர் காட்டினார். அடர் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று நிறம் ஏற ஏற வெப்பமும் ஏறுகிறது. நடுப்பகல் வெயிலில் இந்த ஒளி தெரியாது. சாம்பல் பூத்துச் சாதுவாகக் கிடக்கும் கரி உண்மையில் 600 டிகிரியைத் தாண்டி இருக்கலாம். பகலில் சமைக்கிறவர்கள் கனலைக் குறைத்து மதிப்பிட்டு இறைச்சியைக் கருக்குவது இப்படித்தான்.

இந்தக் கதிர் உணவில் எவ்வளவு ஆழம் போகும்? 800 டிகிரிக் கனலின் கதிர்வீச்சு 2.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் தொடுகிறது. திரவ நீர் அகச்சிவப்பை மிக வலுவாக உறிஞ்சும் இடம் 3 மைக்ரோமீட்டரை ஒட்டியது. உணவு பெரும்பாலும் நீர். ஆகவே பாயும் ஆற்றலில் பெரும்பகுதியை மேற்பரப்பே விழுங்கிவிடுகிறது. கனல் வெப்பம் உள்ளே ஊடுருவி வேகவைக்கிறது என்ற நம்பிக்கை பரவலானது, நடப்பது வேறு. மேல்தோல் சூடாகிறது, அங்கிருந்து வெப்பம் ஆமை வேகத்தில் உள்ளே கடத்தப்படுகிறது. கல்லானாலும் கனலானாலும் இறைச்சியின் நடுவுக்குப் போகும் கடைசிப் பாதை ஒன்றுதான்.

தூரத்தைப் பற்றியும் ஒரு தவறான கணக்கு உலவுகிறது: வலையை இரண்டு மடங்கு உயர்த்தினால் வெப்பம் கால்வாசி ஆகிவிடும் என்று. அது சிறு புள்ளியிலிருந்து வரும் கதிருக்குப் பொருந்தும். கரிப்படுக்கை புள்ளியல்ல. 40 செ.மீ. குறுக்களவுள்ள வட்டப் படுக்கையின் நடுவே, 10 செ.மீ. உயரத்தில் இருக்கும் உணவுக்குக் கதிர்வீச்சின் 80 சதவீதம் கிடைக்கும் என்றால், 20 செ.மீ. உயரத்திலும் 50 சதவீதம் கிடைக்கும். வலையை ஏற்றி இறக்குவதைவிடக் கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறு பக்கத்தைக் காலியாக விட்டு, உணவை இங்குமங்கும் நகர்த்துவதே வெப்பத்தைக் கட்டுப்படுத்தச் சிறந்த வழி.

நூறில் நிற்கும் தண்ணீர்

சுட்ட இறைச்சியின் செம்பழுப்பு நிறத்துக்கும் வாசனைக்கும் காரணமான வேதிவினையை 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மையார் விவரித்தார். அமினோ அமிலமும் சர்க்கரையும் சேரும்போது தொடங்கும் அந்த வினைச் சங்கிலியின் படிநிலைகளை 1953-இல் அமெரிக்காவின் ஜான் ஹாட்ஜ் வரிசைப்படுத்தினார். மேற்பரப்பு 140 டிகிரியை ஒட்டும்போது இந்த வினை வேகமெடுக்கும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. அறை வெப்பநிலையிலுள்ள 100 கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 31 கிலோஜூல் போதும். அதை ஆவியாக்க மேலும் 226 கிலோஜூல் வேண்டும். அடுப்பு எதுவானாலும் அதன் உழைப்பில் பெரும்பங்கு இந்த ஈரத்தை விரட்டுவதிலேயே கழிகிறது. சமைக்குமுன் இறைச்சியைத் துணியால் ஒற்றி எடுப்பது எந்த விலையுயர்ந்த கருவியையும்விடப் பலன் தரும்.

ஆவி வெளியேறும் விதத்தில் இரண்டு அடுப்புகளும் வேறுபடுகின்றன. கம்பிவலையில் உணவின் அடிப்பக்கமும் திறந்திருப்பதால் ஆவி தடையின்றிப் போகும். கல்லில் அது உணவுக்கடியில் சிக்கிக்கொள்ளும். பக்கவாட்டில்தான் தப்ப வேண்டும். துண்டுகளுக்கு நடுவே இடம் விடாமல் அடைத்து வைத்தால் அந்த வழியும் மூடி, எல்லாம் அவியல் ஆகிவிடும். ஆனால் இடம்விட்டு அடுக்கினால் கல்லுக்கு ஈடில்லை. அடிப்பரப்பு முழுவதும் ஒரே சீராகச் சிவக்கும். கம்பிவலை பதிக்கும் கருங்கோடுகள் பார்க்க அழகு, ஆனால் கம்பி தொட்ட இடத்தில் மட்டுமே அந்த ஆழ்ந்த சிவப்பு. கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பைச் சிவக்கவைப்பது கனலின் கதிர்வீச்சு. கனல் மங்கியிருந்தால் கோடுகள் மட்டும் கருத்து, நடுப்பகுதி வெளிறிக் கிடக்கும்.

கொழுப்பு எங்கே போகிறது?

கரியில் சுட்டதற்கென்று ஒரு மணம் உண்டு. அது கரியிலிருந்து வருவதாகத்தான் நினைக்கத் தோன்றும். மரத்தைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கும்போதே அதன் மணப்பொருள்களில் பெரும்பாலானவை வெளியேறிவிடுகின்றன. நன்றாகக் கனன்ற கரியில் புகையே அதிகம் இருக்காது. அந்த மணத்தின் முக்கிய ஊற்று, இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும். அவை கங்கின் மேல் விழுந்து சிதைந்து, நுண்துளிப் புகையாக எழுந்து, திரும்பவும் இறைச்சியின் மேலேயே படிகின்றன. விறகு எரியும்போது நிலைமை வேறு. மரத்திலுள்ள லிக்னின் உடைந்து குவையகால் போன்ற புகைமணச் சேர்மங்களைத் தரும்.

கல்லில் கொழுப்பு எங்கும் விழுவதில்லை. உருகி, பரவி, உணவுக்கடியில் தேங்கி, அதுவே பொரிக்கும் எண்ணெய் ஆகிறது. வெங்காயமும் காளானும் முட்டையும் அந்தக் கொழுப்பில் சுவை ஏறும். கனலின் சுவை மேலிருந்து படியும் புகையில், கல்லின் சுவை அடியில் தேங்கும் கொழுப்பில். எது உயர்ந்தது என்று வாதிடுவதில் பயனில்லை. இரண்டும் வேறு வேறு வேதியியல்.

புகைக்கு ஒரு விலையும் உண்டு. கொழுப்பு கடும்வெப்பத்தில் அரைகுறையாக எரியும்போது பல வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்றான பென்சோபைரீனைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. கல்லுக்கு மாறினால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். அதற்காகக் கல் முற்றிலும் நிரபராதி ஆகிவிடாது. 1970-களில் ஜப்பானில் டகாஷி சுகிமுராவின் குழு, சுட்ட மீனிலும் இறைச்சியிலும் கருகிய பகுதிகளிலிருந்து மரபணு மாற்றம் விளைவிக்கும் வேறொரு சேர்மக் கூட்டத்தைப் பிரித்தெடுத்தது. பல்லின வளைய அமீன்கள் எனப்படும் இவை இறைச்சியின் சொந்தப் பொருள்களிலிருந்தே கடும்வெப்பத்தில் உருவாகின்றன, கல்லிலும் உருவாகும். அடிக்கடி திருப்பிப் போடுவது, கருகுமுன் எடுப்பது, மசாலாவில் ஊறவைப்பது ஆகியவை இவற்றைக் குறைக்கின்றன.

கொழுப்பைக் கையாளச் சமையல்காரர்கள் அறிவியல் வருமுன்பே வழி கண்டிருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் பரிஜ்ஜா அடுப்புகள் பலவற்றில் உருண்டைக் கம்பிக்குப் பதிலாக 'வி' வடிவ வாய்க்கால் கம்பிகள் சற்றுச் சாய்வாக இருக்கும். கொழுப்பு அதில் ஓடி முன்பக்கத் தொட்டியில் சேரும், கங்கில் சொட்டாது. விறகைத் தனியாக எரித்து, கனிந்த கங்கை மட்டும் இறைச்சிக்கடியில் பரப்புவார்கள். கொரியாவில் பன்றி வயிற்றிறைச்சி சுடும் தட்டைச் சரிவாக வைத்துக் கொழுப்பை வடிப்பார்கள். ஒன்று கனலிலிருந்து கொழுப்பைப் பிரிக்கிறது, மற்றது கல்லிலிருந்து.

வெட்டவெளியின் நிபந்தனைகள்

சமையலறையில் இல்லாத ஒரு பங்காளி வெளியில் உண்டு, காற்று. கல்லுக்கு அது எதிரி. பலமான காற்று தட்டின் மேற்பரப்பிலிருந்து பறிக்கும் வெப்பம் அசைவற்ற காற்று எடுப்பதைவிடச் சில மடங்கு அதிகம். அடியில் எரியும் வாயுச் சுடரையும் அது சாய்த்துவிடும். மூன்று பக்கமும் தடுப்பில்லாத கிரிடில் கடற்கரையில் திணறும். கரிக்கு அதே காற்று விசிறி வேலை செய்யும். ஆனால் பொறியையும் பறக்கவிடும். ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாள்களில் முழுத் தீத்தடை அறிவிக்கும்போது விறகும் கரியும் எரிக்கக் கூடாது. பூங்காவின் மின்தட்டு போன்றவற்றுக்கு நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. அங்கே கோடை மத்தியில் இந்தத் தேர்வைச் சுவை முடிவுசெய்வதில்லை, வானிலை முடிவுசெய்கிறது.

வாயுவால் இயங்கும் பார்பிக்யூ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீலச் சுடர் சூடாக இருந்தாலும் கனலைப்போல் கதிர்வீசாது. அதற்காகத்தான் சுடருக்கு மேல் உலோகத் தகடோ எரிமலைக்கல்லோ வைத்து அதைச் சூடாக்குகிறார்கள். புரொப்பேன் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. ஆகவே வாயு அடுப்பில் உணவைச் சுற்றி எழுவது ஈரமான சூடான காற்று. நன்றாகக் கனன்ற கரிக்கு நிகரான செம்பழுப்பு அதில் வரத் தாமதமாகும்.

மூடி போட்டால் கரியடுப்பு வேறொரு கருவியாகிவிடும். 1952-இல் அமெரிக்காவின் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், மிதவைக்கான உலோகக் கோளத்தை இரண்டாகப் பிரித்து மூடியுள்ள உருண்டை அடுப்பைச் செய்தார். மூடியின் துவாரத்தைக் குறைத்தால் ஆக்சிஜன் குறையும், கனல் அடங்கும். கொழுப்பில் பற்றும் திடீர்த் தீயும் மூச்சுமுட்டி அணையும். உள்ளே சுழலும் சூடான காற்று கோழியை முழுதாக எல்லாப் பக்கமும் வேகவைக்கும். கல்லால் இதைச் செய்யவே முடியாது.

கரியின் கொடிய குணம் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அரைகுறையாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணையும். சமையல் முடிந்து அணையப்போவதுபோல் தெரியும் அடுப்பைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுவந்தவர்கள் உறக்கத்திலேயே இறந்திருக்கிறார்கள். பொறி மட்டும் அல்ல, காற்றோட்டமும் பார்க்க வேண்டிய அடுப்பு இது.

எதற்கு எது?

இனி அந்த இரண்டு கேள்விகளையும் சமைக்கப்போகும் பொருளிடம் கேட்கலாம். தட்டையாகப் படுமா? சிறியதா, ஒழுகுமா? அதன் கொழுப்பு அதனோடே இருந்தால் ருசியா? பெரும்பாலும் ஆம் என்றால் கல். முட்டை, தோசை, பரோட்டா, நறுக்கிய காய்கறி, இறால், மெல்லிய இறைச்சி வட்டு, வலையில் பிய்ந்துபோகும் மீன் துண்டம் எல்லாம் கல்லின் பிள்ளைகள். எலும்பும் வளைவுமாக இருந்து, தோலில் புகைமணம் ஏற வேண்டும் என்றால் கனல். கோழிக்கால், முழு மீன், ஆட்டு விலா, சோளம், கத்தரிக்காய் அதன் பிள்ளைகள். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. கண்ணை நம்பாமல் குத்தும் வெப்பமானியை நம்புவது நல்லது.

ஒன்றுக்குத்தான் இடமும் பணமும் இருக்கிறதா? அடிக்கடி, அவசரமாக, பலருக்குச் சமைக்கிறவர் கல்லை வாங்கட்டும். பதினைந்து நிமிடத்தில் தயாராகும், சாம்பல் அள்ள வேண்டியதில்லை, கிண்டிக் கிளறி நாலு வகை ஒரே நேரத்தில் முடிக்கலாம். எப்போதாவது சமைத்தாலும் நேரம் எடுத்துச் சமைக்கிறவர் மூடியுள்ள கரியடுப்பை வாங்கட்டும். இயற்பியல் அவருக்கு ஒரு கூடுதல் சலுகை தருகிறது. கனலின் கதிர்வீச்சைத் தொட்டுச் சுடும் வெப்பமாக மாற்றுவது எளிது: வலையின் மேல் கனமான இரும்புக் கல் ஒன்றை வைத்தால் போதும். வலை முழுவதையும் மூடிவிடக் கூடாது, கரிக்கு மூச்சுத் திணறும். பாதிப் பரப்புக்குக் கல், பாதிக்குத் திறந்த கனல். ஆனால் 220 டிகிரிக் கல்லிலிருந்து 800 டிகிரிக் கனலின் கதிர்வீச்சை எப்படியும் வரவழைக்க முடியாது. வசதி கல்லின் பக்கம் இருக்கலாம், வாய்ப்புகள் கனலின் பக்கம்.